பதினாறாம் அத்தியாயம்: ஏழாம் நம்பர் மலையில் கூடுகள் இல்லை

லின்வேல் தோட்டத்துக்குப் பெரிய மனிதர்கள் வருவது புதிதல்ல. தேர்தல் வந்தால் வருவார்கள்; மண் சரிந்தால் வருவார்கள். ஆனால் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் வேலையைப் பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்து இரண்டு பேர் வருவது இதுதான் முதல் தடவை.

சென்ற வாரம் அந்தப் பிள்ளையான தனுஷிகாவுக்கு வந்த தொலைபேசி அழைப்பு அதற்காகத்தான். பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அரசு ஒதுக்கும் பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் நிதிச்சபை, அவளுடைய விண்ணப்பத்தை இறுதிச் சுற்றுக்கு எடுத்திருந்தது. வியாழக்கிழமை முற்பகல் இரண்டு மதிப்பீட்டாளர்கள் களத்தை நேரில் பார்ப்பார்கள் என்று அறிவித்தார்கள்.

களம், தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவிலுள்ள ஏழாம் நம்பர் மலை. ஆய்வுப்பொருள், குளவி.

தேயிலை மலையில் கொழுந்தெடுப்பவர்களைக் குளவி கொட்டினால் பத்திரிகையின் ஒரு மூலையில் பெட்டிச் செய்தி வரும். டிக்கோயா வைத்தியசாலையில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். ஏன் அந்த நாள், ஏன் அந்த மரம் என்ற கேள்வி அதில் இருக்காது. விலங்கியல் விரிவுரையாளரான தனுஷிகாவுக்கு அந்தக் கேள்வி வந்தது, அவளுடைய சித்தி பேச்சியம்மா அதே ஏழாம் நம்பரில் கொட்டு வாங்கி, முகம் அடையாளம் தெரியாமல் வைத்தியசாலையில் கிடந்தபோது. மூன்று வருடம் ஆகிவிட்டது. அன்று பெண்களை அந்த மலைக்கு அனுப்பிய கங்காணி, தனுஷிகாவின் அப்பா வீரய்யா. சித்தி பிழைத்துவிட்டாள். ஆனால் சித்தப்பா மாயாண்டி அன்றிலிருந்து தன் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கேள்விக்கு நிதி தேடித் தனுஷிகா தட்டாத கதவு கொஞ்சம்தான். பல்கலைக்கழகம் புதிய விரிவுரையாளர்களுக்குக் கொடுக்கும் ஆரம்ப நிதியில் பாதுகாப்பு உடைகளும் ஒரு நல்ல கமராவும் வாங்கினாள். விஞ்ஞான அமைப்பு ஒன்று, "தேசிய முக்கியத்துவம் போதாது" என்று திருப்பி அனுப்பியது. தனியார் அறக்கட்டளை ஒன்று, முடிவுகளைத் தங்களிடம் காட்டிய பிறகே வெளியிட வேண்டும் என்றது, அவள் ஒப்பமிடவில்லை. கடைசியில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று முழுச் செலவையும் ஏற்க முன்வந்தது. முதன்மை ஆய்வாளர் அவர்களுடைய பேராசிரியர். தனுஷிகா "உள்ளூர் இணைப்பாளர்". அதே வியாழக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நிதிச்சபை கொடுத்தால் ஆய்வு அவளுடையது. கொடுக்காவிட்டால் ஏழாம் நம்பர் மலை வேறொருவர் பெயரில் உலகத்துக்குத் தெரியவரும். வியாழக்கிழமை அந்த நிலையில்தான் விடிந்தது.

*

ஹட்டனில் பிடித்த ஓட்டோ தோட்டத்துச் சந்தியில் திரும்பியதும் சாரதி பிரேக் போட்டான்.

"அக்கா, இது நீங்கதானே?"

சந்தியில் ஒரு பதாகை கட்டியிருந்தது. பட்டமளிப்பு உடையில் தனுஷிகாவின் படம். பக்கத்தில், எங்கோ இணையத்தில் எடுத்த, பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு கார்ட்டூன் தேனீ. 'ஆய்வு காண வருகை தரும் அறிஞர் பெருமக்களே, வருக வருக!' கீழே, 'மேல்கணக்கு மக்கள்'.

"குளவி சிரிக்குதுக்கா," என்றான் சாரதி.

"இங்கேயே எறக்கி விடுங்க தம்பி. நடந்தே போறேன்."

பாதையோரத்துக் கற்களுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். மழைநீர்க் கான் வெட்டிச் சுத்தமாகக் கிடந்தது. லயத்து வாசலில் அம்மா ராக்காயி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? உங்கப்பாவ மொதல்ல ஒக்கார வையி. மூணு நாளா ஓட்டம். பெரிய தொரை வந்தப்பகூட இந்த ஆட்டம் ஆடல்ல."

வீரய்யா உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் புதுச் சாரம், தலைக்கு எண்ணெய். அறுபதை நெருங்கும் மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"வா பாப்பா. டீய அப்புறம் குடிக்கலாம். மலைய வந்து பாரு மொதல்ல."

"பார்த்த மலைதானேப்பா."

"இப்ப பாத்ததில்ல நீ."

குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவளும் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தாள். ஏழாம் நம்பருக்கு ஏறும் குறுக்குப் பாதையில் புல் செதுக்கியிருந்தது. வழுக்கும் இடங்களில் புதிதாகப் படி வெட்டியிருந்தார்கள். மேலே ஏறி நின்றதும் அவள் சிரிப்பு நின்றது.

நிழல்மரங்களில் ஒன்றும் இல்லை.

கிளைகளுக்கு அடியில் தொங்கிய பெரிய அடைகள் இல்லை. மண்மேட்டுப் பொந்துகள் அடைபட்டுக் கிடந்தன. மரத்தண்டுகளில் புகைக் கரி. சென்ற வருடம் முழுக்க மாதாமாதம் வந்து, வெப்பநிலையும் காற்றும் குறித்து, படம் எடுத்து, இலக்கத் தகரம் அடித்து வைத்த கூடுகள். ஒன்றுகூட மிச்சம் இல்லை.

"எப்படி?" என்றார் வீரய்யா.

அவள் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாளு நம்ம ஆளுங்க ஏழு பேரு. பந்தம் கட்டி, சாக்க நனைச்சுப் போத்திக்கிட்டு. அழகனுக்கு மட்டும் ரெண்டு கொட்டு, அதுவும் சும்மா. வர்றவங்க மேல ஒரு ஈ ஒக்காரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார். உள்ளே அவள் மரங்களில் அடித்திருந்த தகரத் துண்டுகள். புளி போட்டு விளக்கியிருந்தார். ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது.

"ஒன்னுகூட தொலைக்கல்ல. நம்பர் வரிசையா கோத்து வச்சிருக்கேன்."

தனுஷிகா ஒரு தேயிலைச் செடியின் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க பார்க்க வர்றதே அந்தக் கூடுகளத்தான்."

வீரய்யா சிரித்தார். பகிடி என்று நினைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"குளவிக்கு ஒரு வழி பண்ணப் போறேன்னுதானே பாப்பா சொன்ன?"

சொன்னாள். பல தடவை சொல்லியிருக்கிறாள். கூடுகள் எங்கே வருகின்றன, எந்தச் சத்தத்துக்கு, எந்த வெயிலுக்குக் கலைகின்றன என்று தெரிந்தால், எந்த மலைக்கு எந்த நாள் போகக்கூடாது என்று காலையிலேயே சிவப்புக் கொடி நடலாம். அதுதான் அவளுடைய 'வழி'. பல்கலைக்கழகத்தில் குழுக்களுக்கு முன்னால் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டே ஒரு வரியில் சொல்லியிருக்கிறாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலேயிருந்து யாராவது பார்க்க வந்தால் அசிங்கமாக இருப்பதை எல்லாம் முதல் நாளே அகற்றிவிட வேண்டும். உடைந்த கானை மூட வேண்டும், காய்ந்த செடியைப் பிடுங்க வேண்டும். வீரய்யா நாற்பது வருடம் அதைச் செய்தவர். மகளுக்காக வரும் விருந்தாளிகளுக்கு அதைவிடக் குறைவாக அவர் எப்படிச் செய்வார்?

"ஒங்க மேல தப்பில்லப்பா," என்றாள். அது உண்மையும்கூட.

"அப்ப யாரு மேல?" என்றார் அவர். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

*

பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தை எந்த நிதிக்கு எப்படி எழுதுவது, நெறிமுறைக் குழுவின் அனுமதியை எப்படிப் பெறுவது என்பதெல்லாம் அங்கேதான். அதன் பொறுப்பாளர் சந்தமாலி. தனுஷிகாவுக்கு இரண்டு தடவை நிதி கைநழுவியபோதும் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"தங்கச்சி, முதலில் மூச்சு விடு."

"ஒத்திவைக்கக் கேட்கலாமா அக்கா?"

"கேட்கலாம். அடுத்த வருடத்து வரிசையின் கடைசியில் போய் நிற்பாய்."

"கூடுகள் இடம்பெயர்ந்துவிட்டன என்று சொன்னால்?"

மறுமுனையில் ஒரு கோப்பு மூடும் சத்தம் கேட்டது.

"அதை நீ சொல்லவுமில்லை. நான் கேட்கவுமில்லை," என்றார் சந்தமாலி. "களத்தை மாற்ற விதியில் இடம் இருக்கிறது. நடந்ததைச் சொல்லி, புதிய திட்டத்தையும் சொல். ஆனால் புதிய இடத்துக்கு நிர்வாகத்தின் அனுமதியும் அங்கே வேலை செய்கிறவர்களின் சம்மதமும் வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இருவர் முன்னிலையில் வாய்வழியாகச் சொன்னால் இன்றைக்குப் போதும். இல்லாவிட்டால் உன் விண்ணப்பத்துக்குக் களமே இல்லை."

தனுஷிகா கீழே பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ்கணக்கு. தோட்டத்தின் மற்றப் பிரிவு. அதன் பன்னிரண்டாம் நம்பர் மலையில், யூக்கலிப்டஸ் வரிசையில், கூடுகள் அப்படியே இருந்தன. போன மாதம் இருகண் நோக்கியில் பார்த்திருக்கிறாள். ஒரு மலையில் எரித்தாயிற்று, பக்கத்து மலையில் எரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்?

அவள் வேகமாக எழுந்தாள். தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரைக்குப் பேசினாள். அவர் உடனே சரி என்றார். சம்மதம்தான் மிச்சம். கீழ்கணக்கில் தொழிலாளர் தலைவரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது.

கீழ்கணக்குத் தலைவர், சித்தப்பா மாயாண்டி. போன வருடம் அவள் போய்க் கேட்டபோது, "ஒங்க மேல்கணக்கு வெவகாரம் இங்க வேணாம்," என்று கதவைச் சாத்தியவர்.

"நான் வர்றேன்," என்றார் வீரய்யா.

"நீங்க வந்தா பேசவே மாட்டாருப்பா."

"பேச வேணாம். கேட்டுக்கிட்டாப் போதும்."

*

மாயாண்டி வீட்டு முன்னால் வெயிலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அன்று அவருக்குச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை பின்னேரம்தான். அண்ணனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேச்சி, யாரு வந்திருக்காங்க, என்ன வேணும்னு கேளு."

பேச்சியம்மா வாசலுக்கு வந்தாள். இடது கண்ணிமை இன்னும் கொஞ்சம் சரிந்தே இருக்கும். அதனால் எப்போதும் கண்ணடிப்பது போல இருக்கும். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"ஏன், நான் என்ன டெலிபோனா? ஒங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு. வாங்க மச்சான். வா தனு, மெலிஞ்சுட்டியே. அங்க சோறு போட மாட்டாங்களா?"

தனுஷிகா நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னாள். கூடுகளை எரித்த இடம் வந்ததும் பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மூணு வருஷம் கழிச்சு எனக்காகப் பழி வாங்கியிருக்காரு ஒங்கண்ணன்! அதுவும் அந்தப் புள்ள பரீட்சைக்கு வச்சிருந்த குளவியப் போயி!"

மாயாண்டி சிரிக்கவில்லை. கத்தியைக் கல்லில் இழுத்தார்.

"இந்த ஆராய்ச்சி எங்க போவும்னு கேளு பேச்சி. வெள்ளக்காரனுக்கு விக்கப் போறாங்கன்னு சனம் பேசுது."

"சித்தப்பா, அதுக்காகத்தான் இன்னைக்கு இவ்வளவும். இவங்க தந்தா அது நம்ம ஆய்வு. இல்லாட்டிதான் அது வேறாளு கைக்குப் போகும்."

"எழுதிக் கொடுப்பாங்களா?"

"ஏற்கெனவே எழுதித்தான் இருக்கு."

"நான் பாக்கல்லயே."

வீரய்யா ஒரு அடி முன்னால் வந்தார்.

"மாயா. அன்னைக்கு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல, நான் ஏழாம் நம்பருக்குத்தான் பேரு கூப்பிட்டேன். கூடு இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன். பாப்பா செய்றது அந்தத் தெரியாததுக்குத்தான்."

மாயாண்டி தலை நிமிராமல் கத்தியைத் தீட்டினார். சந்தியில் வாகனம் ஒன்று ஹோர்ன் அடித்தது. வந்துவிட்டார்கள்.

*

பேராசிரியர் ஹேமமாலி குட்டையான, வேகமாக நடக்கிற, தமிழும் ஓரளவு தெரிந்த பெண்மணி. மலை ஏறுவதற்கென்றே சப்பாத்து போட்டு வந்திருந்தார். உடன் வந்த கலாநிதி பத்திநாதன் மன்னார்ப் பக்கத்து மனிதர், உயரம், மூக்குக்கண்ணாடி. பதாகையில் சிரித்த தேனீயை நெடுநேரம் பார்த்தார். ராக்காயி கொடுத்த வடையைச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழாம் நம்பரில் எல்லோரும் நின்றார்கள். பின்னால் மேல்கணக்கு ஆட்கள் இருபது பேர் மட்டில், விசேஷத்துக்கு வந்தது போல உடுத்திக்கொண்டு. சில பெண்கள் கொழுந்துக் கூடையோடேயே வந்து நின்றார்கள்.

"நீங்கள் பார்க்க வந்தது இப்போது இங்கே இல்லை," என்று தொடங்கினாள் தனுஷிகா. தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. "முந்தாநாள் எரித்துவிட்டார்கள். விருந்தாளிகளைக் குளவி கொட்டிவிடக் கூடாது என்று. கூடுதான் ஆய்வு என்று நான் இவர்களுக்கு விளக்கமாகச் சொன்னதில்லை. தவறு என்னுடையது."

"நாந்தாங்க எரிச்சேன்," என்றார் வீரய்யா பின்னாலிருந்து. பிறகு சிங்களத்திலும் அதைச் சொன்னார். நிமிர்ந்து நின்று சொன்னார். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் அதே குரல்.

ஹேமமாலி கரி படிந்த தண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கடுமையான பிரச்சினை, தனுஷிகா. நாளை வேறு எங்கே ஆய்வு செய்தாலும் அங்கேயும் எரிப்பார்கள். உங்கள் தரவு என்ன ஆகும்?"

தனுஷிகாவுக்குக் குரல் தெளிந்தது.

"எரிப்பார்கள் மெடம். இங்கே மட்டுமல்ல. அதை விட்டுவிட்டுக் குளவியை மட்டும் எண்ணலாம் என்று நினைத்ததுதான் என் விண்ணப்பத்தின் குறை. எரித்த மலையில் கொட்டு குறைகிறதா? தப்பியவை பக்கத்து மலைக்குப் போய் அங்கே கொட்டுகின்றனவா? அடுத்த பருவத்தில் அதே மரத்துக்குத் திரும்புகின்றனவா? இந்த மலையின் ஒரு வருடத்துத் தரவு, எரிப்பதற்கு முன்னால் எடுத்தது, என்னிடம் இருக்கிறது. இனி எரித்த பின்னால் எடுப்பேன். அதோ, ஓடைக்கு அந்தப் பக்கம் எரிக்காத மலை. இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பேன். கேட்ட தொகைக்கு மேல் வேண்டாம். திட்டம்தான் மாறும்."

ஹேமமாலி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு ஆர்வம்.

"நல்லது. அந்த மலையின் ஆட்கள் சம்மதித்தார்களா?"

"கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை."

"பதில் இல்லாமல் நான் என்ன எழுதுவது?"

கூட்டத்தில் யாரோ, "சும்மா ஆமாண்டு சொல்லிருக்கலாமே," என்று முணுமுணுத்தார்கள். ராக்காயி திரும்பி முறைத்தார்.

அப்போதுதான் கீழேயிருந்து, புதிதாக வெட்டிய படிகளில், மாயாண்டி ஏறி வந்தார். முன்னால் பேச்சியம்மா. மூன்று வருடமாக ஏழாம் நம்பரில் கால் வைக்காதவள். பின்னால் கீழ்கணக்குப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மேலே வந்ததும் பேச்சியம்மா ஒரு தடவை மரங்களை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னும் இல்லயே. நல்லாத்தான் கூட்டியிருக்காங்க," என்றாள்.

மாயாண்டி நேராக ஹேமமாலியிடம் போனார். சிங்களத்தில் கேட்டார்.

"நோனா, இந்த வேலை யார் பேரில் நடக்கும்? முதலில் நிற்கிற பேர் யாருடையது? நீங்கள் சொன்னால் நம்புவேன்."

ஹேமமாலி பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்.

"முதன்மை ஆய்வாளர், வீரய்யா தனுஷிகா. நிதி கிடைத்தால் இந்தப் பேருக்குத்தான் கிடைக்கும். இதை மாற்ற யாராலும் முடியாது. அவரே கேட்டால் தவிர."

"வீரய்யா," என்று திரும்பச் சொன்னார் மாயாண்டி. அண்ணனைப் பார்த்தார். "மொதல்ல அவரு பேரு நிக்குதா?"

"அப்பன் பேரு இல்லாம ஒம் பேரா நிக்கும்?" என்றாள் பேச்சியம்மா. கூட்டம் சிரித்தது. மாயாண்டியின் மீசையும் ஒரு பக்கம் அசைந்தது.

"எங்க பக்கத்துல சம்மதம் நோனா. ரெண்டு விஷயம். என்ன கண்டுபிடிச்சாலும் கொழும்புல சொல்றதுக்கு மொதல்ல எங்க பெரட்டுக்களத்துல தமிழ்ல சொல்லணும்." பிறகு திரும்பினார். மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணனுக்கு நேராக அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "எங்க மலையில ஒரு கூட்ட நீ தொட்டேன்னு தெரிஞ்சுது, நடக்கிறது வேற."

"தொட மாட்டேன்," என்றார் வீரய்யா. "சத்தியமா தொட மாட்டேன்டா."

"அவரு தலைவரு, சரி. ஆனா மலையில நிக்கிறது நாங்க. எங்களையும் ஒவ்வொருத்தரா கேளுங்க," என்றாள் பேச்சியம்மா ஹேமமாலியிடம். "மொதல்ல என்னையக் கேளுங்க. எனக்குத்தான் அனுபவம்."

ஹேமமாலி ஒவ்வொருவராகக் கேட்டார். இரண்டு பெண்கள் வேண்டாம் என்றார்கள். அதுவும் அப்படியே குறிக்கப்பட்டது. தலைவர் தன் சொந்தச் சித்தப்பா என்று தனுஷிகா சொன்னதும், அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றார். இன்றே அனுப்புகிறேன் என்றாள் தனுஷிகா.

புறப்படும்போது ஹேமமாலி, "என் அபிப்பிராயத்தை எழுதுவேன். ஆனால் நாங்கள் இரண்டு பேர், இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்," என்றார். எல்லோரும் பத்திநாதனைப் பார்த்தார்கள். அவர் வீரய்யாவின் கையில் இருந்த துணிப்பையைக் காட்டி முதல் தடவையாகக் கேட்டார்:

"இந்தத் தகரங்களைக் கழுவினது ஆர்?"

"நாந்தாங்க ஐயா."

"ஒண்டு எடுக்கலாமோ?"

வீரய்யா பையை விரித்தார். பத்திநாதன் ஒன்றை எடுத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டார். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை.

*

பின்னேரம் நாலு மணிக்கு மேல் தனுஷிகா பன்னிரண்டாம் நம்பர் மலையின் விளிம்பில் நின்றாள். கூடுகள் தூரத்தில் கறுப்பாகத் தொங்கின. பாதுகாப்பான தூரத்தில் ஒரு கம்பம் நட வேண்டும், அதில்தான் இலக்கம். கம்பத்தை மாயாண்டி பிடித்திருந்தார். குழியில் வீரய்யா மண் தள்ளினார்.

"நேரா பிடிடா. சாயுது."

"நீ மொதல்ல மண்ண நல்லா இடி. கூடு எரிக்கிறப்ப மட்டும் பலம் வந்துச்சே."

அவள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து மின்னஞ்சல். அன்பான மின்னஞ்சல்தான். ஒப்பந்தம் தயார், இன்று உங்கள் சம்மதம் வந்தால் அடுத்த மாதமே பணம் வந்துவிடும் என்றது. நிதிச்சபையின் முடிவு தெரிய இன்னும் பல வாரம் ஆகும். அங்கே முடிவு சொல்ல வேண்டிய ஒரு மனிதர் ஒரு தகரத் துண்டை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார். இதை விட்டுவிட்டு அதுவும் கிடைக்காமல் போனால் அவள் கையில் கம்பமும் தகரமும் மட்டும்தான் மிஞ்சும்.

"என்ன பாப்பா, யாரு?" என்றார் அப்பா.

"வெளிநாட்டுலருந்துப்பா. அவங்க கூடச் சேர்ந்து செய்யச் சொல்றாங்க."

"பேரு யாருது மொதல்ல?" என்று கேட்டார் சித்தப்பா, கம்பத்தை விடாமல்.

தனுஷிகா பதில் எழுதத் தொடங்கினாள். உங்கள் அழைப்புக்கு நன்றி. இந்த ஆய்வில் நீங்கள் இணைப்பாளராகச் சேர விரும்பினால் நாங்கள் மகிழ்வோம். முதன்மை ஆய்வாளராக நானே இருப்பேன். கீழே பெயர் எழுதும்போது வழக்கமான முதலெழுத்தைப் போடவில்லை. முழுதாக எழுதினாள், வீரய்யா தனுஷிகா.

அனுப்பினாள்.

பிறகு குனிந்து, விளக்கி வைத்த தகரங்களில் ஒன்றாம் இலக்கத்தை எடுத்து, சுத்தியலோடு கம்பத்தின் பக்கம் போனாள்.